எமரித்தாளை ஓரமாக வையுங்கள்
குமரி மாவட்ட லேத் பட்டறையினருக்கு ஒரு திறந்த மடல்

கோணத்திலும் வடசேரியிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் லேத் முன்னால் நிற்கும் மேஸ்திரிகளுக்கும், அவர்களிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்கும், கோணம் ஐடிஐயில் டர்னர் பிரிவில் படிக்கும் மாணவர்களுக்கும்,



மாவட்டத்தின் பட்டறைகளில் ஒரு ஷாஃப்ட் கடைந்து முடிகிற நேரத்தில் பெரும்பாலும் ஒரே காரியம்தான் நடக்கிறது. டூலைப் பின்னுக்கு இழுப்பார்கள். ஸ்பீடைக் கூட்டுவார்கள். இழுப்பறையிலிருந்து ஒரு துண்டு எமரித்தாள் வெளியே வரும். ஒரு நிமிடத்தில் இரும்பு மின்னிவிடும். வேலை கொடுத்தவர் விரலால் தடவிப் பார்ப்பார், முகம் மலரும், பணம் கைமாறும். அந்த ஒரு நிமிடத்தில் எமரி எதைச் சரிசெய்தது, எதை மறைத்தது என்பதைப் பேசத்தான் இந்த மடல்.

இந்த மாவட்டத்துக்கு லேத் பட்டறை எவ்வளவு வேண்டியது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டினம் துறைமுகங்களின் விசைப்படகுகளுக்கு ஷாஃப்ட் வேண்டும். முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் சுழலும் காற்றாலைகளுக்குப் புஷ்ஷும் பின்னும் வேண்டும். மேற்கே ரப்பர் தோட்டங்களில் ஷீட் அடிக்கும் மெஷின்களுக்கு ரோலர் வேண்டும். நெல் அரைக்கும் ஆலை, செங்கல் சூளை, கிணற்று மோட்டார் எல்லாம் ஏதாவது ஒரு நாள் உங்கள் வாசலுக்கு வந்தே தீரும். 1741 குளச்சல் போருக்குப் பிறகு தளபதி டிலனாய் பொறுப்பில் உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்த உலைக்களம் இருந்த மண் இது. உலோக வேலை இங்கே புதிதாக வந்து இறங்கியதில்லை.

உங்களிடம் அடிக்கடி வரும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 6205 பேரிங் ஏறும் ஷாஃப்ட். பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. பேரிங் இறுக்கமாக உட்கார ஷாஃப்டின் விட்டம் வழக்கமாக 25.002 மி.மீ.க்கும் 25.015 மி.மீ.க்கும் இடையில் இருக்க வேண்டும். அதாவது 2 மைக்ரானிலிருந்து 15 மைக்ரான் வரை கூடுதல். நீங்கள் கடைந்து, மைக்ரோமீட்டர் வைத்து, 25.01 காட்டுகிறது என்று திருப்தியோடு பேரிங்கை அடித்து ஏற்றுகிறீர்கள். சில மாதத்தில் அதே ஷாஃப்ட் பேரிங் உள்வளையத்துக்குள் வழுக்கிச் சுற்றித் தேய்ந்து திரும்பி வருகிறது. குற்றம் பேரிங்கின் மேல் போகிறது, இல்லையென்றால் இரும்பின் மேல் போகிறது.

கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. டூலின் முனை ஆரம் 0.4 மி.மீ., ஃபீடு ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. என்றால், கடைந்த பரப்பில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரம் குறைந்தது 12.5 மைக்ரான். ஒரு பக்கம் 12.5 என்றால் விட்டத்தில் 25. மைக்ரோமீட்டர் தொட்டது மேடுகளின் உச்சியை மட்டும்தான். நீங்கள் நம்பிய இறுக்கம் முழுவதும் அந்த உச்சிகளில்தான் இருந்தது. பேரிங்கை அடித்து ஏற்றும்போதே அவை நசுங்கிவிட்டன. எமரி போட்டிருந்தால் உச்சிகள் கொஞ்சம் மழுங்கியிருக்கும், பள்ளங்கள் அப்படியே கிடந்திருக்கும். கூடவே அளவும் ஒரே சீராக இல்லாமல் அங்கங்கே குறைந்திருக்கும்.

இந்தக் கணக்கை வேலை பழகும் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. ஃபீடை அதே ஃபீடால் பெருக்குங்கள். வரும் எண்ணை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுங்கள். மேட்டின் உயரம் வந்துவிடும். ஃபீடைப் பாதியாக்கினால் உயரம் கால் பங்காகக் குறைகிறது. ஆரத்தை இரட்டிப்பாக்கினால் உயரம் பாதியாகிறது. 0.8 ஆரமும் 0.1 ஃபீடும் வைத்தால் 12.5 மைக்ரான் இருந்த இடத்தில் ஒன்றரை மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறது. வரைபடங்களில் ஆர்ஏ என்று போடும் சராசரி அளவு இதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, அதாவது 0.4 மைக்ரான். சாதாரண லேத்தில், எமரி இல்லாமல், கணக்குப்படி எட்டக்கூடிய அளவு அது. இன்செர்ட் வாங்கும்போது டப்பாவின் மேல் இருக்கும் எண்ணைப் பாருங்கள். டிஎன்எம்ஜி 160404 என்று இருந்தால் கடைசி 04 என்பது 0.4 மி.மீ. ஆரம். 08 என்றால் 0.8. கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருகிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அந்த இரண்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கினாலே பாதி வேலை முடிந்தது.

ஆனால் கணக்கு ஒரு சலுகையைத் தனக்குத்தானே எடுத்துக்கொள்கிறது. இரும்பு சுத்தமாக வெட்டுப்படுகிறது என்று அது நினைத்துக்கொள்கிறது. எம்எஸ் ராடு அப்படிச் சுலபத்தில் வெட்டுப்படாது. பழகும் பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருக்கும்: மென்மையான எம்எஸ்ஸில் கிழிந்தாற்போல் வரும் பரப்பு, அதைவிடக் கடினமான ஈஎன் 8-இல் வழுவழுப்பாக வருகிறது. காரணம், கார்பன் குறைந்த மென்மையான இரும்பு வெட்டு முனையில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய துணுக்கு கெட்டிப்பட்டு, தானே ஒரு டூலாக மாறி, சிறிது நேரம் வெட்டுகிறது. பிறகு பிய்ந்து போகிறது. பிய்ந்ததில் ஒரு பகுதி ஜாபிலேயே ஒட்டி நிற்கிறது. மறுபடி ஒட்டுகிறது, மறுபடி பிய்கிறது. நீங்கள் பார்க்கும் மங்கலான, செதில் செதிலான பரப்பு இதனால்தான் வருகிறது. ஃபீடை எவ்வளவு குறைத்தாலும் அது போகாது.

போக வேண்டுமானால் ஸ்பீடு வேண்டும். கார்பைடு டூல் வைத்து, பரப்பு நிமிடத்துக்கு 100 மீட்டருக்கு மேல் ஓடினால் வெட்டும் இடத்தின் சூட்டில் இந்த ஒட்டல் பெரும்பாலும் நின்றுவிடும். இங்கேதான் நம் பட்டறைகளின் உண்மையான சிக்கல் இருக்கிறது. 50 மி.மீ. ராடுக்கு நிமிடத்துக்கு 120 மீட்டர் வேண்டுமானால் ஏறத்தாழ 760 சுற்று போதும். 25 மி.மீ. ராடுக்கு 1500-ஐத் தாண்ட வேண்டும். 800 சுற்றோடு நின்றுவிடும் பழைய பெல்ட் லேத்தில் 25 மி.மீ. ராடு 63 மீட்டர் வேகத்தில்தான் ஓடும். கார்பைடுக்கு அது பற்றாது. விலை கூடிய டிப் வாங்கியும் பரப்பு கிழிகிறதே என்று வருந்துகிறவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட லேத்தில் ஹெச்எஸ்எஸ் பிட்தான் சரி என்பது இந்த மடலின் உறுதியான கருத்து. பழைய மேஸ்திரிகள் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். நடுவில் டிப் வந்ததும், பிட் தீட்டுகிற கை மெல்லப் போய்விட்டது. கிரைண்டரில் தீட்டிய பிட்டின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ரம்பப் பல் போல இருக்கும். அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் ஜாபில் அப்படியே கோடாக விழும். கிரைண்டரிலிருந்து எடுத்ததும் எண்ணெய்க்கல்லில், மேல்முகத்தையும் முன்முகத்தையும் முனையின் வளைவையும் பொறுமையாகத் தேய்த்து எடுக்க வேண்டும். விளிம்பில் வெளிச்சம் பட்டு மின்னாத நிலை வர வேண்டும். மின்னினால் அங்கே மழுங்கல் இருக்கிறது என்று பொருள். அப்படித் தீட்டிய பிட்டை வைத்து, ஸ்பீடை நன்றாகக் குறைத்து, எண்ணெய் விட்டு மெல்லிய கடைசிக் கட் எடுத்தால், ஒட்டல் உருவாகும் வேகத்துக்குக் கீழேயே வேலை முடிந்துவிடும்.

எண்ணெய் என்றதும் நாஞ்சில் நாட்டில் நினைவுக்கு வருவது தேங்காய் எண்ணெய்தான். இதை யாரும் கைவைத்தியம் என்று தள்ளிவிட வேண்டாம். வேலூர் விஐடியைச் சேர்ந்த அந்தோணி சேவியரும் ஆதித்தனும் எஸ்எஸ் 304 வகை இரும்பை லேத்தில் கடைந்து, தேங்காய் எண்ணெயையும், தண்ணீரில் கரையும் கட்டிங் ஆயிலையும், கலக்காத கட்டிங் ஆயிலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களுடைய கட்டுரை 2009-இல் பொருள் பதனிடும் தொழில்நுட்பத்துக்கான உலகப் புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. டூல் தேய்மானத்தைக் குறைப்பதிலும் பரப்பின் சொரசொரப்பைக் குறைப்பதிலும் தேங்காய் எண்ணெயே மற்ற இரண்டையும் முந்தியது. எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் உலோகப் பரப்பைப் பற்றிக்கொண்டு, டூலுக்கும் சுருளுக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கின்றன. அதனால் ஒட்டல் குறைகிறது.

இதற்காகத் தொட்டி நிறையத் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஓட்ட வேண்டியதில்லை. இன்றைய விலையில் அது கட்டுப்படியும் ஆகாது, நாளாக ஆகச் சிக்கும் பிடிக்கும். கடைசிக் கட்டுக்கு மட்டும் பிரஷ்ஷால் தொட்டு விட்டால் போதும். வெட்டும் இடத்துக்கு எவ்வளவு போகிறது என்பதைவிட, சரியான இடத்துக்குப் போகிறதா என்பதுதான் பெரிது. சென்னை ஐஐடியில் வரதராஜன், பிலிப், ராமமூர்த்தி ஆகியோர் கடினப்படுத்திய இரும்பைக் கடைந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. கூலண்டை வெள்ளமாக விடுவதைவிட, மிகச் சிறு அளவை வேகமான துடிப்புகளாக வெட்டும் இடத்தில் பாய்ச்சியபோது பரப்பும் டூலின் ஆயுளும் மேம்பட்டன. பிரஷ் ஒன்றும் அந்தக் கருவிக்கு ஈடு ஆகாதுதான். ஆனாலும் கூலண்ட் குழாயை ஜாபின் மேல் எங்கோ திருப்பிவிட்டு நிற்பவர்கள், அதைச் சுருள் பிரியும் இடத்துக்குத் திருப்பினாலே வித்தியாசம் தெரியும். கரையும் எண்ணெயைப் பால் நிறம் வந்தால் போதும் என்று கண்ணளவில் கலக்காமல், 20 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு என்று அளந்து கலப்பதும் அதே வகை ஒழுங்குதான்.

கார்பைடு வைக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அளவு நெருங்கியதும் பயந்து பயந்து 0.05 மி.மீ. கட் கொடுப்பது பலருக்கும் வழக்கம். டிப்பின் விளிம்பு ஹெச்எஸ்எஸ் போலக் கூர்மையாக இருப்பதில்லை. உடையாமல் இருப்பதற்காகவே அதைச் சற்று மழுக்கி அனுப்புகிறார்கள். இவ்வளவு மெல்லிய கட்டில் அது வெட்டாது, தேய்க்கும். பரப்பு மங்கும், அளவும் நினைத்தபடி வராது. கடைசி இரண்டு கட்டுக்கும் ஒரே ஆழத்தை மிச்சம் வையுங்கள். முதல் கட்டை எடுத்து அளந்து பாருங்கள். டூலும் ஜாபும் எவ்வளவு வளைந்து கொடுத்தன என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டாவது கட்டும் அதே அளவுதான் வளைந்து கொடுக்கும். துணிந்து முடிக்கலாம். எஸ்எஸ் ஷாஃப்டில் இது இன்னும் முக்கியம். அதைத் தேய்க்கத் தேய்க்க மேல்தோல் கெட்டிப்படும். அடுத்த கட் அந்தக் கெட்டித் தோலுக்கு அடியில் இறங்காவிட்டால் டூல்தான் தேயும்.

லேத்தின் ஆட்டத்தைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். டூலை வெளியே நீட்டி வைக்காதே, சென்டர் உயரம் பார், ஜிப்பை இறுக்கு, நீண்ட ராடுக்கு டெயில் ஸ்டாக் கொடு என்பதெல்லாம் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுப்பவை. ஒன்றை மட்டும் சேர்க்கலாம். மெல்லிய நீண்ட ஷாஃப்டில் முனை ஆரத்தைப் பெரிதாக்கினால் டூல் ஜாபை வெளியே தள்ளும் விசை கூடிச் சேட்டர் வரும். அங்கே 0.8-ஐ விட்டு 0.4-க்கு இறங்கி, அதற்கேற்ப ஃபீடைக் குறைப்பதே வழி. மேலே சொன்ன கணக்கு அங்கேயும் உதவும்.

இனி, எமரி மறைக்கும் விஷயங்களிலேயே அதிகம் பேசப்படாத ஒன்று. கடைந்த பரப்பு எதுவாக இருந்தாலும் அது மிக மெல்லிய மரை. டூல் நகர்ந்த தடம் ஷாஃப்டைச் சுற்றிச் சுருளாகப் போகிறது. அந்த இடத்தில் ஆயில் சீல் உட்கார்ந்தால், ஷாஃப்ட் சுற்றும்போது அந்த மரை ஆயிலைச் சீலின் உதட்டுக்கு அடியில் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கலாம். சீலை மாற்றி மாற்றிப் பார்த்தும் கசிவு நிற்காத வண்டிகளிலும் பம்புகளிலும் இதுவும் ஒரு காரணம். எமரியைப் பிடித்து ஷாஃப்டின் நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போனால் பழைய மரையின் மேல் புதிய மரை விழும், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு தையல் நூல் போதும். சீல் தயாரிக்கிற தொழிலில் நெடுநாளாக உள்ள சோதனை அது. ஷாஃப்டை மட்டமாகப் பிடித்து, லேசாக எண்ணெய் தடவி, அதன் மேல் நூலைப் போட்டு, நூலின் கீழ்முனையில் ஏறத்தாழ 30 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மாதிரி மெதுவாகச் சுற்றுங்கள். நூல் ஒரு பக்கமாக நகர்ந்து, திருப்பிச் சுற்றினால் எதிர்ப்பக்கம் நகர்ந்தால், அங்கே மரை இருக்கிறது. இரண்டு பக்கம் சுற்றினாலும் ஒரே திசையில் நகர்ந்தால் ஷாஃப்ட் மட்டமாக இல்லை, அல்லது டேப்பர் இருக்கிறது. ஐடிஐ மாணவர்கள் இதை ஒரு மதியத்தில் செய்து பார்த்துவிடலாம். சீல் உட்காரும் இடத்துக்குச் சரியான வழி கிரைண்டிங். அதிலும் கல்லைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக உள்ளே கொடுக்கும் கிரைண்டிங். அது கிடைக்காத இடத்தில்தான் எமரிக்கு ஒரு நியாயமான வேலை இருக்கிறது. அப்போதும் அதை அசைக்காமல் ஒரே இடத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும்.

அதே சீல் இன்னொரு உண்மையையும் காட்டுகிறது. அதன் உதடு ஓடும் இடத்துக்கு ஆர்ஏ 0.2 முதல் 0.8 மைக்ரான் வரை இருக்க வேண்டும் என்கிறார்கள். 0.8-க்கு மேலே போனால் ரப்பர் தேயும். 0.2-க்குக் கீழே கண்ணாடியாக்கிவிட்டால் எண்ணெய்ப் படலம் நிற்க இடமில்லாமல் ரப்பர் காய்ந்து கருகும். ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினில் கடைசி ரோலருக்கு வேண்டுமென்றே வரி போடுகிறோம். வரி விழுந்த ஷீட்டுக்குப் பரப்பு கூடி, சீக்கிரம் காயும். பரப்பு எவ்வளவு மின்ன வேண்டும் என்பதை அதைத் தொடப்போகும் பொருள்தான் தீர்மானிக்கிறது. ஆகவே, வேலை வாங்கும்போதே இந்த இடத்தில் என்ன உட்காரும் என்று கேட்பது உங்கள் உரிமை, கடமையும்கூட.

இவ்வளவுக்கும் மேலே, கடலுக்குப் போகிற ஷாஃப்ட். தூத்தூர் பக்கத்து மீனவர்கள் சுறாவையும் சூரையையும் தேடி எத்தனை தூரம் போகிறார்கள் என்பது நீங்கள் அறிந்தது. கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புரொப்பல்லர் ஷாஃப்ட் முறிந்தால், அந்தப் படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். முறிவு பெரும்பாலும் ஒரே அடியில் வருவதில்லை. கீவே மூலையிலோ, படி இறங்கும் இடத்திலோ, ஆழமான ஒரு டூல் தடத்திலோ மயிரிழை விரிசலாகத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளி வளர்கிறது. உப்புத் தண்ணீர் சேரும்போது அது இன்னும் வேகமாக வளரும். காற்றில் எத்தனை கோடிச் சுற்றையும் தாங்கும் சுமையை, கடல்நீரில் அதே இரும்பு தாங்காமல் போகும். மின்னுகிற நடுப்பகுதி முறிந்து பார்ப்பது அரிது. எமரி எட்டாத அந்த மூலையில்தான் முறிகிறது. அங்கே கூர்மையான மூலையை விடாமல் வளைவு கொடுத்து, அந்த வளைவைத் தீட்டிய பிட்டால் மெதுவாக, தடம் தெரியாமல் கடைந்து எடுக்க உங்களுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி கேளுங்கள். படகுக்காரர்களும் கொடுக்க வேண்டும்.

முடிந்தவர்கள் ரோலர் பர்னிஷிங் பக்கமும் போகலாம். கெட்டிப்படுத்திய உருளையை ஜாபின் மேல் அழுத்தி ஓட்டுவது. மேடுகள் அழுந்திப் பள்ளங்களை நிரப்புவதோடு, மேல்தோலில் ஓர் இறுக்கத்தையும் அது விட்டுப்போகிறது. விரிசல் வாய்திறக்க விடாத இறுக்கம். ரயில் அச்சுகளில் பேரிங் உட்காரும் இடங்களுக்கு இந்த வேலை நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வருகிறது. டூல் போஸ்டிலேயே மாட்டக்கூடிய கருவிதான்.

விரலைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. எமரித்தாளை ஷாஃப்டைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் விரலில் சுற்றிப் பிடிப்பதை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். தாள் ஒரு முறை பிடித்துக்கொண்டால் கையை விடுவிக்க நேரமே இருக்காது. பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை, லேத்தில் எமரியைக் கையால் பிடிப்பதைத் தவிர்க்கச் சொல்லித் தனியாகவே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. தவிர்க்க முடியாத இடத்தில் மரப்பலகையில் ஒட்டிப் பிடிக்கச் சொல்கிறது. கையுறை போட்டுக்கொண்டு பிடிப்பது அதைவிட மோசம். மேஸ்திரிகளே, உங்கள் கை பழகிய கை. உங்களைப் பார்த்து அப்படியே செய்யும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கை இன்னும் பழகவில்லை. எமரியின் தூள் லேத் பெட்டின் மேல் விழுந்து, ஓடும் இடமெல்லாம் அரைத்து, லேத்தையே தேய்க்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பரப்பை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம். 1941-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் டெய்லர் ஹாப்சன் நிறுவனம், பரப்பின் மேடுபள்ளத்தை ஊசியால் தடவி எண்ணாகச் சொல்லும் டாலிசர்ஃப் என்ற கருவியைச் செய்தது. அதன் வழிவந்த கருவிகள் இன்று உள்ளங்கையில் அடங்குகின்றன. தனி ஒரு பட்டறை அதை வாங்குவது சிரமம்தான். கோணம் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள பட்டறைகள் கூட்டாக வாங்கலாம். ஐடிஐயில் வைத்து, மாணவர்களே அளந்து கொடுக்கும்படி ஏற்பாடு செய்யலாம். அதுவரைக்கும், ஆர்ஏ எண் பொறித்த மாதிரித் தகடு ஒன்றையாவது ஒவ்வொரு பட்டறையும் லேத் பக்கத்தில் மாட்டி வைக்கலாம். அடுத்து வரும் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தை 0.8 ஆரம், 0.1 ஃபீடு வைத்துக் கடைந்து, எமரி போடாமல், அந்தத் தகட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த ஸ்பீடு, எந்த எண்ணெய், என்ன பரப்பு வந்தது என்பதை ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். பத்துப் பட்டறையின் நோட்டுகள் ஒரு மேஜையில் சேர்ந்தால், நம் லேத்துகளுக்கும் நம் கடைகளில் கிடைக்கும் ராடுகளுக்கும் பொருந்தும் அட்டவணை ஒன்றை நாமே போட்டுவிடலாம். அந்த மேஜையை எங்கே போடுவது, கருவியை யார் பொறுப்பில் வைப்பது என்பதை நீங்கள் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் வேலையை மதிக்கும் ஒரு குமரி மாவட்டத்துக்காரர்